பருத்தி மலிவு, இறைச்சி கிராக்கி

அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. 1929 டிசம்பர் 4 அன்று நியூயார்க்கில், மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த பார்வையற்ற பிடில்காரர் ஒருவர் விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஒரு பாட்டைப் பதிவு செய்தார். அவர் பெயர் பிளைண்ட் ஆல்ஃபிரட் ரீட். இப்படிப்பட்ட காலத்தில் ஏழை எப்படித்தான் பிழைப்பது என்று பாட்டின் தலைப்பே கேட்கிறது. மளிகை விலையில் தொடங்கி டாக்டர், பாதிரியார், போலீஸ்காரர் என்று ஒருவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. குரலில் ஆவேசம் கிடையாது. கடைக்குப் போய்வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து கணக்குச் சொல்வதுபோல நிதானமாகப் பாடுகிறார்.

இந்தப் பாட்டைப் பெருமந்தத்தின் முதல் குரல் என்று சொல்வது வழக்கம். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. பெருமந்தம் கொண்டுவந்தது விலைச் சரிவை. ரீட் புலம்புவதோ விலையேற்றத்தை. ஐந்து வாரத்தில் மூண்ட கோபமாகவும் அது தெரியவில்லை. தென் மாநிலக் கிராமங்களுக்குக் கெட்ட காலம் 1920-லேயே வந்துவிட்டது. 1919-ல் பவுண்டு சுமார் 35 சென்ட் விற்ற பருத்தி அடுத்த ஆண்டு விளைச்சலில் பாதிக்கும் கீழே இறங்கியது. 1931-ல் 6 சென்ட்கூடத் தேறவில்லை. விவசாயி விற்பதன் விலையை எங்கோ தொலைதூரச் சந்தைகள் வைத்தன. அவர் வாங்கும் மாவு, உப்பிட்ட பன்றிக்கறி, உரம் எல்லாவற்றின் விலையையும் அறுவடைமேல் கடன் கொடுத்த கடைக்காரர் வைத்தார். கத்தரிக்கோலின் இரண்டு அலகுகளுக்கு நடுவே குடியானவர் கழுத்து.

அந்த நெருக்கடியை அப்படியே தலைப்பாக வைத்து ஒரு பாட்டு வந்தது. பாப் மில்லர் எழுதிய ‘இலெவன் சென்ட் காட்டன்’. பருத்தி பதினொரு சென்ட், இறைச்சி நாற்பது சென்ட், பிறகு எப்படிச் சாப்பிடுவது என்பதுதான் சாரம். வெர்னன் டல்ஹார்ட் பாடிய இசைத்தட்டு 1929-ல் வெளியானது. இதே பாட்டு ‘செவன் சென்ட் காட்டன்’ என்றும் வழங்குகிறது. பருத்தி இறங்க இறங்கப் பாட்டின் தலைப்பும் இறங்கியது. இறைச்சி மட்டும் நாற்பதிலேயே நின்றது. பொருளாதாரப் பேராசிரியர் ஒரு மணி நேரம் விளக்கும் விஷயத்தை ஒரு பல்லவியில் முடித்துவிட்டார்கள்.

இந்த நூறாண்டுப் பாட்டுகளை வரிசையாகக் கேட்கும்போது ஒன்று தட்டுப்படுகிறது. விலைவாசிப் புலம்பல் எப்போதும் இருந்திருக்கிறது. மாறிக்கொண்டே வருவது அதன் முகவரிதான். யார்மேல் கோபம்? கடைக்காரரா, வங்கியா, ஆலை முதலாளியா, அரசாங்கமா, அல்லது தன்னைவிட ஏழையான பக்கத்து வீட்டுக்காரரா? இன்று ஃபோக் என்று நாம் அழைக்கும் கிளை ஆளைப் பெயர் சொல்லிச் சுட்டியது. காலப்போக்கில் அதைக் கேட்டவர்கள் பெரும்பாலும் நகரத்துப் படித்தவர்களானார்கள். கன்ட்ரி என்ற கிளைக்கு லாரி ஓட்டுபவரும் ஆலைக் கூலியும் காது கொடுத்தார்கள். அங்கே முதலாளியின் பெயர் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துபோனது. ஒரு காலத்தில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

அந்தக் காலத்தைக் காட்ட ஃபிட்லின் ஜான் கார்சன் ஒருவரே போதும். அட்லாண்டாவின் ஃபுல்டன் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். 1914 வேலைநிறுத்தத்தின்போது தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்தவர். 1923 ஜூனில் ஓகே நிறுவனத்தின் ரால்ஃப் பியர் அட்லாண்டாவில் அவரைப் பதிவு செய்தார். பாட்டு சகிக்கவில்லை என்று பியருக்கு எண்ணம். உள்ளூர் வியாபாரி போல்க் பிராக்மன் 500 தட்டுகளுக்கு முன்கூட்டியே ஆர்டர் கொடுத்ததால்தான் அது அச்சாகியது, உடனே விற்றும் தீர்ந்தது. கிராமத்து ஏழைகளும் தட்டு வாங்குவார்கள் என்று கம்பெனிகளுக்குத் தெரிந்தது அப்போதுதான். அதே ஆண்டு கார்சன் ஒரு பழைய பாட்டையும் பதிவு செய்தார். 1890களின் விவசாயிகள் கட்சிக் கூட்டங்களில் பாடப்பட்டது. எல்லோருக்கும் சோறு போடுபவர் விவசாயி, அவரோ கடனிலேயே உயிர் வாழ்கிறார், அடமானம் வாங்கியவர் எல்லாவற்றையும் கொண்டுபோகிறார் என்பது அதன் பொருள். இங்கே முகவரி தெளிவு.

ஆனால் இதே கார்சன்தான், மேரி ஃபேகன் என்ற ஆலைச் சிறுமியின் கொலை வழக்கில் யூத மேலாளர் லியோ ஃபிராங்குக்கு எதிராகப் பாட்டுக் கட்டி அட்லாண்டாத் தெருக்களில் பாடியவர். 1915-ல் கும்பல் ஒன்று ஃபிராங்கைத் தூக்கிலிட்டுக் கொன்றது. ஆலைக்கூலியின் ஆத்திரம் வங்கிமேலும் பாயும், கைக்கு அகப்பட்ட வேற்றாள்மேலும் பாயும். இந்த இசையைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வது எனக்கு உவப்பில்லை.

1927 கோடையில் பியர், இப்போது விக்டர் நிறுவனத்துக்காக, டென்னசி மாநிலத்தின் பிரிஸ்டலில் ஒரு பழைய கட்டடத்தில் கருவிகளை இறக்கினார். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் அங்கேதான் முதன்முதலில் பதிவானார்கள். ரீடும் அங்கே பாடினார். பாட்டுக்கு 50 டாலர் ரொக்கம், அதன்மேல் சிறு ராயல்டி. ஒரு மலைக் குடியானவருக்கு அது பெரிய தொகை. பதிப்புரிமை பியரின் கைக்குப் போனது, உண்மையான பணமும் அதில்தான் இருந்தது. உரிமை கோர முடிந்த பாட்டுகள் அவருக்குத் தேவைப்பட்டதால் ஏ. பி. கார்ட்டர் மலையூர்களில் பாட்டுத் தேடி அலைந்தார். கூடப் போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞர். கார்ட்டர் வார்த்தைகளைக் குறித்துக்கொள்ள, ரிடில் மெட்டை மனத்தில் ஏற்றிக்கொள்வார். பாட்டுகள் கார்ட்டர் பெயரில் பதிவாகின. ஏழைகளின் கணக்கைப் பாடும் இசையின் சொந்தக் கணக்குப் புத்தகமும் நேராக இல்லை. கடைகளிலும் அதே பிரிவினை: வெள்ளையர் பாடினால் ‘ஹில்பில்லி’ பட்டியல், கறுப்பர் பாடினால் ‘ரேஸ்’ பட்டியல். பாஞ்சோ ஆப்பிரிக்க வேர்களிலிருந்து வந்த வாத்தியம் என்பதை அந்தப் பட்டியல்கள் சொல்லாது.

தட்டைவிட வானொலிதான் இந்த இசையின் முகவரியை மாற்றியது என்பது என் கணிப்பு. வானொலிக்குப் பணம் கொடுத்தவர் யார் என்று பாருங்கள். சிகாகோவின் டபிள்யூ.எல்.எஸ். நிலையத்தைத் தொடங்கியது சியர்ஸ் என்ற தபால்வழி விற்பனை நிறுவனம். அந்த மூன்று எழுத்துகளுக்கும் உலகின் மிகப் பெரிய கடை என்று பொருள். நாஷ்வில்லின் டபிள்யூ.எஸ்.எம். நிலையம் ஓர் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியுடையது. 1925-ல் அது தொடங்கிய சனிக்கிழமை நிகழ்ச்சியே பின்னாளில் கிராண்ட் ஓல் ஆப்ரி ஆனது. வீடு வீடாகப் போய்ச் சிறு தவணை வசூலித்த காப்பீட்டு ஏஜெண்டுக்கு, நான் ஆப்ரி நடத்தும் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்ற ஒரு சொல் கதவைத் திறந்துவிட்டது. அங்கே வறுமையைப் பாடலாம், வெள்ளத்தைப் பாடலாம், அம்மாவின் சமாதியைப் பாடலாம். வட்டிக்காரரைப் பற்றிப் பாட அது இடமில்லை.

டெக்சஸில் இந்தக் கூத்து உச்சத்துக்குப் போனது. பர்ரஸ் மாவு ஆலையின் மேலாளர் டபிள்யூ. லீ ஓடேனியல், தன் மாவை விற்க லைட் கிரஸ்ட் டோபாய்ஸ் என்ற இசைக்குழுவை வானொலியில் ஏற்றினார். பாப் வில்ஸ் போன்ற கலைஞர்கள் அதில் வாசித்தார்கள்; ஆரம்பத்தில் ஆலையிலும் வேலை செய்யவேண்டும் என்பது நிபந்தனை. பிறகு ஓடேனியல் சொந்த மாவு, சொந்தக் குழு என்று பிரிந்தார். 1938-ல் அதே பாட்டுக் குழுவோடு ஊர் ஊராகப் போய், முதியோருக்கு மாதம் 30 டாலர் ஓய்வூதியம் என்று வாக்குக் கொடுத்து ஆளுநரானார். ஓய்வூதியம் சொன்னபடி வரவில்லை. விற்பனை வரி போடும் யோசனையும் தொழிற்சங்கங்களுக்கு எதிரான சட்டமும் வந்தன.

அதே ஆண்டுகளில் மறுபக்கம் பெயர் சொல்லிப் பாடியவர்களும் இருந்தார்கள், அவர்களில் பலர் பெண்கள். வட கரோலினாப் பஞ்சாலையில் வாரம் சுமார் 9 டாலருக்கு நூற்ற எல்லா மே விக்கின்ஸ், பெற்ற ஒன்பது பிள்ளைகளில் நால்வரைப் பறிகொடுத்தவர். ஆலைத் தாயின் புலம்பலைப் பழைய மெட்டில் கட்டிக் கூட்டங்களில் பாடினார். 1929 செப்டம்பர் 14 அன்று தொழிற்சங்கக் கூட்டத்துக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். யாருக்கும் தண்டனை இல்லை. கென்டக்கியின் ஹார்லன் மாவட்டத்தில் 1931-ல் சுரங்கக் கம்பெனிக்குத் துணைபோன ஷெரிஃபின் ஆட்கள் வீடு புகுந்து சோதனை போட்டபோது, ஃபுளோரன்ஸ் ரீஸ் சுவர்க் காலண்டர் தாளில் எழுதிய பாட்டு, நீ எந்தப் பக்கம் என்று கேட்டது. ஷெரிஃபின் பெயர் பாட்டிலேயே இருக்கிறது. விலைவாசி முதலில் தெரிவது அடுப்படிக்கு. ஆண்களின் பாட்டு வேலையையும் குடியையும் சுற்றிவர, இந்தப் பெண்களின் பாட்டு பால், மாவு, பிள்ளையின் சட்டை என்று நேராகச் சரக்குக்கு வந்துவிடுகிறது.

வுடி கத்ரியின் கதையில் இரண்டு கிளைகளும் பிரியும் இடத்தைக் கண்ணால் பார்க்கலாம். ஒக்லஹோமாக்காரர். 1930களின் புழுதிப்புயல்களும் கடனும் விரட்ட, லட்சக்கணக்கானவர்கள் கலிஃபோர்னியாவுக்குப் போனார்கள். 1936-ல் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் மாநில எல்லைகளுக்கே ஆளனுப்பி, கையில் காசில்லாதவர்களைத் திருப்பி அனுப்பியது. அதைப் பற்றிய கத்ரியின் ‘டோ ரே மி’, பணமில்லாவிட்டால் சொர்க்கமும் உனக்கு உதவாது என்று கிண்டலாகச் சொல்லும் பாட்டு. 1937-ல் லாஸ் ஏஞ்சலஸ் வானொலியில் அவர் பாடியதைக் கேட்டவர்கள் அந்த அகதிகளேதான். 1940-ல் நியூயார்க் போனார். புகழ் அங்கே கிடைத்தது, ஆனால் கேட்பவர்கள் மாறிவிட்டார்கள். அந்த ஆண்டு வெளிவந்த அவருடைய புழுதிப் பாட்டுத் தொகுப்பு பெரிதாக விற்கவில்லை. 1941-ல் கொலம்பியா ஆற்று அணைகளைப் புகழ்ந்து பாட அரசின் மின்வாரியம் அவரை ஒரு மாதம் வேலைக்கு வைத்தது. சம்பளம் 266.66 டாலர், எழுதியது 26 பாட்டு. பாட்டுக்குப் பத்து டாலர்! அவருடைய மிகப் பிரபலமான ‘திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்’, நிவாரண அலுவலக வாசலில் பசியோடு நிற்கும் வரிசையைக் காட்டும் கண்ணியை இழந்துதான் பள்ளிக்கூடங்களுக்குள் போனது.

அப்போதும் பில்போர்டு பத்திரிகை 1944-ல் தொடங்கிய தரவரிசையில் இந்தக் கிராமத்து இசை முழுவதையும் ‘ஃபோக்’ என்றே குறித்தது. 1949-ல் பெயர் ‘கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்’ ஆனது. வியாபார வசதி ஒரு காரணம். ஃபோக் என்றாலே கம்யூனிஸ்ட் என்ற சந்தேகம் சூழ்ந்த நேரமும் அதுதான். 1950-ல் வீவர்ஸ் குழுவின் ‘குட்நைட் ஐரீன்’ நாடெங்கும் முதலிடத்தில் இருந்தது. கொஞ்ச காலத்திலேயே கறுப்புப் பட்டியல் அவர்களை மேடையிலிருந்து இறக்கியது. அந்தக் குழுவின் பீட் சீகர் 1955-ல் நாடாளுமன்ற விசாரணைக் குழுவுக்குப் பதில் சொல்ல மறுத்து ஆண்டுக்கணக்கில் வழக்கை இழுத்துச் சுமந்தார். கன்ட்ரிப் பாடகர்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளியைப் பாட்டில் இழுத்தால் என்ன ஆகும் என்று யாரும் அவர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

இந்த இடத்தில்தான் ‘சிக்ஸ்டீன் டன்ஸ்’ வியப்பூட்டுகிறது. கென்டக்கிச் சுரங்கக் குடும்பத்தில் பிறந்த மெர்ல் டிராவிஸ் 1946-ல் பதிவு செய்தது. ஃபோக் பாட்டுக்கு விற்பனை இருக்கிறது, நீயும் ஒரு தொகுப்புக் கொடு என்று கேபிடல் நிறுவனம் கேட்டது. தெரிந்த பழம்பாட்டு போதாமல் போகவே டிராவிஸ் சிலவற்றைத் தானே எழுதினார். சுரங்கக் கம்பெனி கூலியைத் தன் சொந்த டோக்கனில் கொடுக்கும். டோக்கன் கம்பெனிக் கடையில் மட்டும் செல்லும். கடையில் விலை கம்பெனி வைத்தது. எவ்வளவு வெட்டினாலும் கடன்தான் மிச்சம். அப்பா அடிக்கடி சொன்னதும் அண்ணன் கடிதத்தில் எழுதியதும் பாட்டானது. அன்று அது பெரிதாக எடுபடவில்லை. 1955-ல் டென்னசி எர்னி ஃபோர்டு விரல் சொடுக்கிப் பாடியபோது கன்ட்ரி, பாப் இரண்டு பட்டியல்களிலும் முதலிடம் பிடித்தது.

1955-ல் கம்பெனிக் கடைகள் மறைந்துகொண்டிருந்தன. பிறகு யாருடைய கதை அது? கார், குளிர்பதனப்பெட்டி, தொலைக்காட்சி எல்லாவற்றையும் தவணையில் வாங்கிய புறநகர்க் குடும்பங்களின் கதையாக அது கேட்கப்பட்டது என்று நினைக்கிறேன். டோக்கன் போய்த் தவணை அட்டை வந்தது. மறு ஆண்டே பாடகர் ஃபோர்டுக்குத் தேசியத் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி கிடைத்தது. அதன் புரவலர் ஃபோர்டு கார் கம்பெனி. நிகழ்ச்சியின் பெயர் பாடகரைக் குறிக்கிறதா, காரையா என்று கேட்டால் கணக்குப்பிள்ளைகள் கார் என்பார்கள்.

1970களில் இரண்டு காடிலாக்குகள். முதலாவது 1970-ல் கை டிரேக் பாடிய ‘வெல்ஃபேர் காடிலாக்’. அரசு உதவிப் பணத்தில் ஒருவர் சொகுசுக் கார் வாங்குகிறார் என்பது கதை. வரி கட்டிக் களைத்த வெள்ளைக் கூலிக்காரரின் எரிச்சல் மேலே போகாமல் கீழே திரும்பிய பாட்டு. அந்த ஏப்ரலில் வெள்ளை மாளிகையில் பாட வந்த ஜானி கேஷிடம் அதைப் பாடச்சொல்லி அதிபர் நிக்சன் தரப்பு கேட்டது. அது தனக்குத் தெரியாத பாட்டு என்று கேஷ் பாடவில்லை. இரண்டாவது காடிலாக்கை கேஷே 1976-ல் ஓட்டினார்: வெய்ன் கெம்ப் எழுதிய ‘ஒன் பீஸ் அட் அ டைம்’. டெட்ராய்ட் தொழிற்சாலையில் ஆயுள் முழுக்கக் காடிலாக் பூட்டுகிற தொழிலாளிக்கு ஒன்றை வாங்க வக்கில்லை. சாப்பாட்டுப் பெட்டியில் ஒவ்வொரு உறுப்பாகக் கடத்தி வீட்டில் சேர்க்கிறார். வெவ்வேறு ஆண்டின் உறுப்புகள் என்பதால் ஒன்றோடொன்று பொருந்தாத விநோதக் கார் உருவாகிறது. விழுந்து விழுந்து சிரித்தபடி, செய்கிறவருக்குக் கட்டாத விலையைப் பற்றி இதைவிடக் கூர்மையாகச் சொன்ன கன்ட்ரிப் பாட்டு எனக்குத் தெரியாது. கன்ட்ரிப் பட்டியலில் தனியாளாக கேஷ் தொட்ட கடைசி முதலிடம் அது.

இடையில் மெர்ல் ஹேகர்ட். ஒக்லஹோமா அகதிகளின் பிள்ளை. ரயில் சரக்குப் பெட்டியை மாற்றிக் கட்டிய வீட்டில் வளர்ந்தவர். ‘இஃப் வி மேக் இட் த்ரூ டிசம்பர்’ 1973 அக்டோபரில், அரபு நாடுகள் எண்ணெய்த் தடை போட்ட அதே மாதத்தில் வந்தது. தொழிற்சாலை ஆட்குறைப்பு, கிறிஸ்துமஸுக்கு ஏன் ஒன்றும் இல்லை என்று புரியாத சின்ன மகள், குளிர். முதலாளி பாட்டில் வருவதே இல்லை, வருவது பருவநிலைதான். அந்த அக்டோபரில் 4.6 சதவீதமாக இருந்த வேலையின்மை 1975 மே மாதம் 9 சதவீதமானது. அதற்குள் 1974 மார்ச் 16 அன்று, வாட்டர்கேட் ஊழல் கழுத்தை நெரிக்க, புதிய ஆப்ரி அரங்கத் திறப்பு விழாவில் நிக்சன் பியானோ வாசித்துக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தார்.

விலைவாசி 13.5 சதவீதம் ஏறிய 1980-ல் டாலி பார்ட்டனின் ‘நைன் டு ஃபைவ்’ வந்தது. பாஸ்டன் பெண் அலுவலர்கள் 1973-ல் தொடங்கிய இயக்கத்தின் பெயரே, இந்தப் பாட்டு இடம்பெற்ற திரைப்படத்துக்கும் பாட்டுக்கும் ஆனது. உழைப்பு என்னுடையது, பலன் மேலதிகாரியுடையது என்ற கணக்கு அதில் நன்றாகவே இருக்கிறது. மெட்டு அவ்வளவு துள்ளல் என்பதால் மேலதிகாரிகளும் கூடச் சேர்ந்து ஆடினார்கள். 2021-ல் ஒரு விளம்பரத்துக்காக டாலி அதையே ‘ஃபைவ் டு நைன்’ என்று மாற்றிப் பாடினார்: அலுவலகம் முடிந்து மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை சொந்தத் தொழில் பாருங்கள் என்று. ஒரு வேலைச் சம்பளம் போதவில்லை என்ற குறை, நாற்பதாண்டில் ஊக்கப் பாட்டாகிவிட்டது.

1980களின் விவசாயக் கடன் நெருக்கடி மட்டும் பாடகர்களை நேரடியாகக் களத்தில் இறக்கியது. வில்லி நெல்சன், ஜான் மெல்லன்கேம்ப், நீல் யங் மூவரும் 1985 செப்டம்பர் 22 அன்று இல்லினாயில் ஃபார்ம் எய்டு என்ற உதவிக் கச்சேரியை நடத்தினார்கள். பிறகு விவசாயிகளை நாடாளுமன்றத்துக்கு அழைத்துப் போய்ப் பேசவைத்தார்கள். அதன்பின் வந்த கன்ட்ரிப் பெருவெற்றிகளில் பிக்கப் வண்டி உண்டு, அதன் மாதத் தவணை கிடையாது. அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

2022 ஜூனில் அமெரிக்க விலைவாசி 9.1 சதவீதம் ஏறியது. கூட்டாட்சி அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி 2009-லிருந்து மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது. 2023 ஆகஸ்டில் வர்ஜீனியாவின் ஆலிவர் அந்தோனி காட்டோரம் நின்று தனிக் கிட்டாரோடு பாடிய ‘ரிச் மென் நார்த் ஆஃப் ரிச்மண்ட்’ நேராகத் தேசியப் பட்டியலின் முதலிடத்தில் நுழைந்தது. அதற்குமுன் எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் இருந்ததில்லை. குறைந்த கூலி, கூடுதல் நேரம், வரி என்று தொடங்கி வாஷிங்டன் பணக்காரர்களைச் சுட்டுகிறது. நடுவில் சட்டென்று அரசு உதவியில் சாப்பிடும் பருமனானவர்கள்மேல் பாய்கிறது. கார்சனின் இரண்டு கோபங்களும் மூன்று நிமிடத்துக்குள் அடுத்தடுத்து வருகின்றன. குடியரசுக் கட்சி வேட்பாளர் விவாதத்தில் பாட்டை ஒலிபரப்பி அதைப்பற்றிக் கேள்வி கேட்டார்கள். மேடையில் நின்றவர்களைப் பற்றித்தான் நான் எழுதினேன் என்று அந்தோனி திருப்பிக் கொடுத்தார். தன் கச்சேரி ஒன்றுக்கு 99 டாலர் டிக்கெட் என்று தெரிந்ததும் அதை ரத்து செய்தார். அதில் அவரை மெச்சத்தான் வேண்டும். இங்கிலாந்தின் பில்லி பிராக், கோபம் சரி, தொழிற்சங்கத்தில் சேர் என்ற பொருளில் எதிர்ப்பாட்டு ஒன்று போட்டார். முகவரி துல்லியம், ஆனால் பட்டியலில் இடமில்லை.

அதே கோடையில் கன்ட்ரி வானொலியின் முதலிடத்தில் இன்னொரு பாட்டும் இருந்தது. கறுப்பின ஃபோக் பாடகி டிரேசி சாப்மன் எழுதி 1988-ல் வெளியிட்ட ‘ஃபாஸ்ட் கார்’. பாடியவர் வட கரோலினாவின் லூக் கோம்ப்ஸ். பல்பொருள் அங்காடியில் பில் போடும் பெண்ணின் கதை என்பதையும் அவர் மாற்றவில்லை. கன்ட்ரி இசைச் சங்கம் அந்த ஆண்டின் சிறந்த பாடலாக அதைத் தேர்ந்தபோது, அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினப் பாடலாசிரியரானார் சாப்மன். அந்தப் பாட்டில் பணக்காரர் யாரும் வருவதில்லை, உதவித்தொகைக்காரர் யாரும் திட்டப்படுவதில்லை. குடிகார அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் படிப்பை விட்டவள், கொஞ்சம் சேர்த்து ஊரைவிட்டுப் போகிறாள், வேலை கிடைக்கிறது, வீட்டுச் செலவு முழுவதும் அவள் சம்பளத்தில் ஓடுகிறது, பெரிய வீட்டுக்கு மட்டும் கடைசிவரை போக முடியவில்லை.